மன்னர் பக்கம் பேசப் போகும் அணிக்கு அரைக் கையேடு

பிரித்தானிய முடியாட்சியிலிருந்து குடியேற்றங்கள் பிரிந்துபோனது சரியா, தவறா என்ற தலைப்புக்கென்றே தயாரித்த விவாதக் கையேடு ஒன்று கிளிநொச்சி, வவுனியா புத்தகக் கடைகளில் விற்பனையாகிறது. 72 பக்கம், 450 ரூபா. அமெரிக்கச் சுதந்திரப் போரை மையமாக வைத்து, பாடசாலை விவாத அணிகளுக்காகச் செய்திருக்கிறார்கள். பிரிவுக்குச் சார்பாகப் பேசும் அணி யோசிக்காமல் வாங்கலாம். எதிரணி இதை மட்டும் நம்பி மேடையேறினால் பாடுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். பிரிவினைக்காக எழுதிய தோமஸ் பெயின் 1776 ஜனவரி 10ஆம் திகதி பிலடெல்பியாவில் தன் பெயர் போடாமல் வெளியிட்ட 'கொமன் சென்ஸ்' பிரசுரத்தின் வாத வரிசையைக் குலைக்காமல் தந்திருக்கிறார்கள். அதன் பலமே அந்த வரிசைதான். 1775 யூலையில்கூடக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய கொங்கிரஸ், பிரித்தானிய மன்னர் மூன்றாம் ஜோர்ஜுக்குச் சமாதான மனு எழுதிக்கொண்டிருந்தது. குடியேற்றவாசிகளின் கோபம் பாராளுமன்றத்தின் மீதும் அமைச்சர்கள் மீதுமே இருந்தது. மன்னர் நல்லவர், பக்கத்தில் இருப்பவர்கள்தான் சரியில்லை என்ற எண்ணம். அந்த எண்ணம் கலையாதவரை பிரிவினைப் பேச்சு துரோகமாகத்தான் காதில் விழும். அதனால் பெயின் வரிக் கணக்கில் தொடங்கவில்லை. பரம்பரை அரசுரிமையை முதலில் அடித்து நொறுக்கிவிட்டுத்தான் சமரசம் ஏன் சரிவராது என்பதற்கு வருகிறார். நம்மூர் அணிகள் பிரித்தானியா போட்ட தேயிலை வரியில் தொடங்கி மூன்று நிமிடத்தை அங்கேயே தீர்த்துவிடும். கையேட்டின் முதல் 20 பக்கத்தைப் படித்தால் அந்தப் பழக்கம் போகும்.

மன்னராட்சிக்கு எதிராகப் பெயின் எடுத்த வேதாகமச் சான்று (இஸ்ரவேலர் தங்களுக்கு அரசன் வேண்டுமென்று கேட்ட 1 சாமுவேல் 8ஆம் அதிகாரம்) முழுதாக இருக்கிறது. ஆனால் எல்லா மண்டபத்திலும் அது எடுபடாது. அவையைப் பார்த்து அதை விட்டுவிட்டு, இங்கிலாந்து அரச வம்சமே 1066இல் படையோடு வந்திறங்கிய வில்லியத்திடமிருந்து தொடங்குகிறது என்ற அடியை எடுப்பது நல்லது. அதற்குப் பதில் சொல்வது சிரமம்.

ஒரு இடத்தில் கத்தரி தவறாக விழுந்திருக்கிறது. 'பிரித்தானியா தாய்நாடு' என்ற வாதத்துக்குப் பெயின் இரண்டு படியில் பதில் தருகிறார். தாய் என்றே வைத்துக்கொள்வோம், அப்படியானால் வெட்கம் இன்னும் கூட, விலங்குகூடத் தன் குட்டியைத் தின்னாதே என்பது முதற்படி. உண்மையில் அமெரிக்காவின் தாய் இங்கிலாந்து அல்ல, ஐரோப்பா முழுவதும் என்பது இரண்டாவது. கையேட்டில் முதற்படி மட்டும்தான் உண்டு. இரண்டையும் இதே ஒழுங்கில் சொல்லவேண்டும். மாற்றிச் சொன்னால் முதலில் மறுத்துவிட்டுப் பிறகு ஒத்துக்கொண்டதுபோல ஆகும். நடுவர் அதைப் பின்வாங்கலாகக் குறித்துக்கொள்வார்.

இனி எதிர்ப்பக்கம். அதற்குக் கிடைத்தது ஒன்பதே பக்கம். அதிலும் பாதி 'விசுவாசிகள் (மன்னர் பக்கம் நின்ற குடியேற்றவாசிகள்) சுயநலக்காரர்' என்ற வசை. பெயினுக்கு மறுப்பு எழுதிய மேரிலாந்தின் ஜேம்ஸ் சாமர்ஸ், நியூயோர்க் அங்கிலிக்கன் குரு சார்ள்ஸ் இங்கிலிஸ் இருவரும் பெயருக்கு வந்துபோகிறார்கள். சாமர்ஸின் மறுப்பை அச்சிட்டது பெயினை அச்சிட்ட அதே றொபேர்ட் பெல்தான் என்ற ருசியான செய்தியையும் காணவில்லை. இங்கிலிஸின் மறுப்புப் பிரசுரத்தை நியூயோர்க்கில் அச்சகத்திலிருந்து அள்ளிக்கொண்டுபோய் எரித்தார்கள். 'எங்களுக்குப் பதில் எழுதவில்லை, எரித்தார்கள்' என்று எதிரணிப் பேச்சாளர் சொன்னால் அவை நிமிர்ந்து உட்காரும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, கொங்கிரசில் உடனடிப் பிரகடனத்தை எதிர்த்த பென்சில்வேனியப் பிரதிநிதி ஜோன் டிக்கின்சன் இல்லாதது. எதிரணிக்கு அவரைவிட நல்ல முன்மாதிரி கிடையாது. 1776 யூலை 1ஆம் திகதி கொங்கிரசில் பேசும்போது அவர் மன்னரைப் புகழவில்லை. முதலில் குடியேற்றங்களுக்கிடையே கூட்டாட்சி ஒப்பந்தம், வெளிநாட்டு உதவி, அதன்பிறகு பிரகடனம் என்றார். இப்போதே அறிவிப்பது காகித ஓடத்தில் புயலுக்குள் போவதாகும் என்றார். மன்னரைக் காப்பாற்றப் போகும் அணி தோற்கும். நேரத்தையும் ஒழுங்கையும் கேள்வி கேட்கும் அணிக்கு வாய்ப்பு உண்டு. ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜோன்சன் 1775இல் கேட்ட கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சுதந்திரம் சுதந்திரம் என்று அதிகம் சத்தம் போடுபவர்கள் அடிமைகளை வைத்திருப்பவர்களாக இருப்பது எப்படி? சார்பணி இதற்குப் பதிலைத் தயாராக வைத்திருக்கவேண்டும். அடிமை வணிகத்துக்காக மன்னரைக் குற்றஞ்சாட்டிய பகுதி சுதந்திரப் பிரகடனத்துக்கு ஜெபர்சன் எழுதிய வரைவில் இருந்தது, கொங்கிரஸ் அதை வெட்டியது என்ற உண்மை இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி, கவனம்.

எண்களில் இரண்டு பிழை. பெயினின் பிரசுரம் ஐந்து இலட்சம் பிரதி விற்றதென்று உறுதியாகப் போட்டிருக்கிறார்கள். பெயினே 1776இல் சொன்ன கணக்கு 1,20,000தான். அதையும் ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். அடுத்தது, சுதந்திரத்துக்கு வாக்களித்த நாள் யூலை 4 அல்ல, யூலை 2. யூலை 4 பிரகடனத்தை ஏற்றுக்கொண்ட நாள். பெயின் தந்த கப்பல் செலவு அட்டவணை (100 பீரங்கிக் கப்பல் ஒன்றுக்கு 35,553 பவுண்) முழுதாக விடுபட்டிருக்கிறது. கடற்படையில்லாமல் எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டால் சார்பணிக்கு வேறு துணை இல்லை.

கடைசி எட்டுப் பக்கம் இலங்கை. வன்னித் தலைவன் பண்டாரவன்னியனை இங்கே பெயினுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருப்பது பொருந்தவில்லை. கற்சிலைமடு நினைவுக்கல் சொல்லும், பிரித்தானியப் படையிடம் அவன் தோற்ற 1803 ஒக்டோபர் 31 நிகழ்வு, மூன்றாம் ஜோர்ஜின் குடிமகன் ஒருவன் உரிமை கேட்டு எழுந்த கதையல்ல. தன் நிலத்துக்குள் நுழைந்த படையை எதிர்த்த கதை. பெயின் பேசியது அதே மன்னரின் குடிகளோடு. முன்னுரையில் வன்னியனைச் சொல்லிக் கைதட்டு வாங்கலாம், வாதமாக வைத்தால் எதிரணி பிரித்துக் காட்டிவிடும். அதற்குப் பதில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பூரண சுயராச்சியம் கேட்டு 1931 அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்ததையும், 1948இல் சுதந்திரம் வந்த பிறகும் 1972 மே 22 வரை இங்கே முடியாட்சி இருந்ததையும் எடுத்தால் இரண்டு பக்கத்துக்கும் சரக்கு உண்டு. இந்த இரண்டும் கையேட்டில் ஒவ்வொரு வரிதான்.

தாள் பரவாயில்லை, எழுத்துப் பெரிது. பசைக்கட்டுத்தான் மோசம், விரித்து வைத்துக் குறிப்பெடுத்தால் நடுப்பக்கங்கள் கழன்றுவிடும். வாங்கியவுடன் கடையிலேயே சுருள்கட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். சில பிரதிகளில் எதிரணிப் பகுதியே இரண்டு பக்கம் வெறுமையாக வந்திருக்கிறது. புரட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.