சேவை நிறுவனமா, தயாரிப்பு நிறுவனமா? நேர்முகத் தேர்விலேயே தெரியும் வேறுபாடு

வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் வேலை செய்து கொடுக்கும் டிசிஎஸ் போன்ற சேவை நிறுவனத்திற்குத் தயாராவதா, சொந்தமாக மென்பொருள் உருவாக்கி விற்கும் ஜோஹோ போன்ற தயாரிப்பு நிறுவனத்திற்குத் தயாராவதா என்ற கேள்வி, தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டிலேயே எழுந்துவிடுகிறது. பெரும்பாலும் சம்பளத்தை வைத்தே இதற்கு விடை சொல்கிறார்கள். ஆனால் ஒரு நிறுவனம் ஆள் எடுக்கும் விதத்தைக் கூர்ந்து பார்த்தாலே, உள்ளே என்ன வேலை காத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஆள் எடுக்க டிசிஎஸ் நடத்தும் என்க்யூடி (நேஷனல் குவாலிஃபையர் டெஸ்ட்) தேர்வில் கணக்கு, ஆங்கிலம், தர்க்கம், கோடிங் ஆகிய அனைத்தும் உண்டு. நாடு முழுவதும் பெருந்திரளாக எழுதும் தேர்வு என்பதால், நேரத்திற்குள் முடிக்கும் வேகமே முதலில் அளக்கப்படுகிறது. பத்தாம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை 60 சதவீதம் கேட்பது அங்கு நெடுநாள் வழக்கம். தேறியவர்கள் மதிப்பெண்ணைப் பொறுத்து நிஞ்ஜா, டிஜிட்டல், பிரைம் எனப் பிரிக்கப்படுகிறார்கள். நிஞ்ஜாவுக்கு ஆண்டுக்குச் சுமார் 3.36 லட்சம் ரூபாய், டிஜிட்டலுக்குச் சுமார் 7 லட்சம். நேர்முகத்தில் இறுதியாண்டு ப்ராஜெக்ட், தரவுத்தளத்தைக் கையாளும் மொழியான எஸ்க்யூஎல்லின் அடிப்படை ஆகியவற்றோடு, எந்த ஊருக்கும் எந்த ஷிஃப்டுக்கும் வரத் தயாரா என்றும் கேட்பார்கள். வாடிக்கையாளர் எந்தத் தொழில்நுட்பத்தைக் கேட்கிறாரோ அதுவே நம் வேலை என்பதால், அந்தக் கேள்வியைச் சம்பிரதாயம் என்று எண்ணிவிடக் கூடாது.

1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-இல் பெயர் மாறிய ஜோஹோவின் வழி வேறு. பட்டத்தையும் மதிப்பெண்ணையும் அது பெரிதாகக் கொள்வதில்லை. பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கும் ஜோஹோ ஸ்கூல்ஸ் அதற்குச் சான்று. எழுத்துத் தேர்வையும் எளிய நிரல்களையும் தாண்டியவர்களை மூன்றாம் ரவுண்டில், சில மணி நேரத்தில் ஒரு சிறு மென்பொருளையே எழுதச் சொல்வார்கள். அங்கு போய் வந்தவர்கள் பரவலாகச் சொல்லும் கால் டாக்ஸி முன்பதிவுக் கணக்கைப் பாருங்கள். ஏ முதல் எஃப் வரை ஆறு நிறுத்தங்கள். ஒன்றுக்கொன்று 15 கிலோமீட்டர். முதல் 5 கிலோமீட்டருக்கு 100 ரூபாய், அதன் பின் கிலோமீட்டருக்கு 10 ரூபாய் என்பதால், ஒரு நிறுத்தம் போனால் 200 ரூபாய். அருகில் காலியாக இருக்கும் வண்டியை அனுப்ப வேண்டும். இரண்டு வண்டிகள் சம தூரத்தில் இருந்தால், அன்று குறைவாகச் சம்பாதித்த வண்டிக்கே சவாரி. இந்தக் கடைசி நிபந்தனையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு வண்டியின் வருமானத்தையும் தொடக்கத்திலேயே தனியாகச் சேமிக்காதவர், பாதியில் எல்லாவற்றையும் கலைத்து எழுத நேர்கிறது. தயாரிப்பு நிறுவனத்தின் அன்றாட வேலையும் இப்படித்தான்: நேற்று எழுதியதன் மேல் இன்று புதிதாக ஒரு தேவை வந்து அமரும்.

வேலைப் பாதுகாப்பைக் காரணம் காட்டிச் சேவை நிறுவனத்தைப் பரிந்துரைப்போர் 2025-ஐக் கணக்கில் கொள்ள வேண்டும். அவ்வாண்டு டிசிஎஸ், பெஞ்சில், அதாவது எந்த ப்ராஜெக்டிலும் இல்லாமல் காத்திருக்கும் காலத்தை ஆண்டுக்கு 35 வேலை நாட்களாகக் குறுக்கியது. சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாகவும் அறிவித்தது. ஆயினும், கல்விக் கடன் தவணை உடனே தொடங்கும் வீட்டில், ஒரே தேர்வின் வழி ஆயிரக்கணக்கானோருக்கு இடமளிக்கும் அந்த வாய்ப்பைத் தள்ளிவிடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஜோஹோவில் கடைசி ரவுண்டு வரை போய் வெறுங்கையோடு திரும்புவோர் நிறையவே உண்டு.

தயாரிப்பு நிறுவனத்திற்கெனப் படிப்பவருக்குச் சேவை நிறுவனத்தின் கோடிங் பகுதி எளிதாகிவிடும். கணக்குக்கும் ஆங்கிலத்திற்கும் சில வாரப் பயிற்சி போதும். வினா வங்கியை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கோ கால் டாக்ஸி கணக்கு கைகூடாது. எனவே மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஜோஹோவுக்குத் தயாராகி, இரண்டு தேர்வுகளையும் எழுதுவதே சரி என்பேன். இந்த வாரம் அந்தக் கணக்கை யாருடைய விடையையும் பார்க்காமல் எழுதுங்கள். அடுத்த வாரம், முன்பதிவை ரத்து செய்யும் வசதியை அதே நிரலில் சேர்த்துப் பாருங்கள்.