சிறு பிள்ளைகளுக்கு மின்வாசிப்பான் வாங்கலாமா?

இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை 2-இல் படிக்கும் மகளுக்கும் பாலர் பள்ளிக்குச் செல்லும் ஐந்து வயது மகனுக்கும் மின்னூல் படிப்பதற்கென்றே உள்ள மின்வாசிப்பான் கருவியை ஆளுக்கொன்று வாங்கிவிடலாம் என்று எண்ணியிருந்தேன். அதற்கு முன்னதாக, ஜூன் விடுமுறையில் அலுவலக நண்பர் ஒருவரிடமிருந்து ஆறு அங்குலத் திரை கொண்ட கருவி ஒன்றை மூன்று வாரங்களுக்கு இரவலாகப் பெற்று வந்தேன். அப்படிச் செய்யாதிருந்தால் ஒரு கருவியின் விலை வீணாகியிருக்கும்.

மகனிடம் அது முதல் நாளே தோற்றது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை வரியின் அடியில் விரலை ஓட்டிக்கொண்டுதான் படிக்கும். தொடுதிரையோ விரல் பட்டதும் பக்கத்தைத் திருப்பிவிடுகிறது. ‘யா’, ‘னை’ என்று அவன் கூட்டி முடிப்பதற்குள் யானை காணாமற்போய் அடுத்த பக்கம் வந்து நின்றது. பக்கம் மாறுகையில் சில வேளைகளில் திரை முழுவதும் ஒரு கணம் கறுத்து மீளும். கறுப்பு வெள்ளை மைத்துகள்கள் இடம்மாறி எழுத்தாகும் இந்த மின்மைத் திரையில், முந்தைய பக்கத்தின் நிழல் படியாதிருக்கச் செய்யப்படும் ஏற்பாடு அது. அவனோ, “அப்பா, கெட்டுப்போச்சு” என்று கருவியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டான். படக்கதைகளுக்கு வண்ணத் திரை உதவுமே என்று தோன்றலாம். கோபோ நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வண்ணக் கருவிகளில் கறுப்பு எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்றால் வண்ணப்படம் 150 புள்ளிகள்தான். அச்சிட்ட படநூலின் பளிச்சென்ற நிறத்தை அதில் எதிர்பார்க்க முடியாது.

மகளின் கதை வேறு. ஆங்கில அத்தியாயக் கதைகளை அவள் ஒன்றன்பின் ஒன்றாக முடித்தாள். தெரியாத சொல்லை அழுத்திப் பிடித்தால் அகராதி விரிவது ஒரு வசதி. விளையாட்டோ காணொளியோ குறுக்கிடாதது கைக்கணினியில் கிடைக்காத நன்மை. தமிழில் அவ்வளவு சுகமில்லை. அவளுக்கு வசதியான அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கியபோது, ‘விளையாடிக்கொண்டிருந்தார்கள்’ என்ற ஒரு சொல்லே வரி முழுவதையும் அடைத்துக்கொண்டது. பழைய தமிழ் நூல்களின் மின்வருடல்கள் பிடிஎஃப் கோப்புகளாக இருப்பதால், சிறிய திரையில் முழுப்பக்கமும் சுருங்கி எறும்பு ஊர்வதுபோல் தெரிகிறது. அமேசானின் கிண்டிலில் தமிழ் நூல்கள் 2016 முதல் விற்பனைக்கு உள்ளன என்றாலும், பெரியவர்களுக்கான நாவல் வாங்குவது வேறு, எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற கதை தேடுவது வேறு.

எந்தக் கருவி என்பதை எங்களைப் பொறுத்தவரை நூலகம்தான் முடிவு செய்தது. தேசிய நூலக வாரியத்தின் மின்னூல்களை லிபி செயலிவழி இரவல் பெறுகிறோம். லிபிக்குப் பின்னிருக்கும் மின்னூல் இரவல் சேவையான ஓவர்டிரைவ் கோபோவில் உள்ளமைந்திருப்பதால் நூலகக் கணக்கை இணைத்து அதிலேயே படிக்கலாம். கிண்டிலில் நூலக நூல் படிக்கும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டுமே. வாரம் மூன்று கதை முடிக்கும் பிள்ளைக்கு ஒவ்வொன்றையும் காசு கொடுத்து வாங்க யாரால் முடியும்? வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் மலிவு என்று கணக்குப் போடுவோர், 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி அதற்கும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

கண்ணைப் பற்றிய கவலையும் இருந்தது. கிட்டப்பார்வைக் கண்ணாடி அணிந்த பிள்ளைகளை இங்கே வகுப்புகளில் நிறையவே காணலாம். 18 மாதம் முதல் 6 வயது வரை பள்ளி நேரம் நீங்கலாக நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக, 7 முதல் 12 வயது வரை பள்ளிப்பாடம் நீங்கலாக இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகத் திரையைப் பயன்படுத்தலாம் என்பது சுகாதார அமைச்சு 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். மின்மைத் திரை கண்ணைக் கூசவைப்பதில்லை என்பது மெய்தான். ஆயினும், திரையானாலும் காகிதமானாலும் முகத்துக்கு அருகே பிடித்துப் படிப்பது அருகே பிடித்துப் படிப்பதுதான். ஆகவே மாலையில் புளோக்கின் கீழே போய் விளையாடிவிட்டு வந்த பிறகே கருவி கைக்கு வரும் என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.

கறுப்பு வெள்ளைத் திரை கொண்ட கோபோ ஒன்றை மகளுக்கு மட்டும் வாங்கினோம். மேல்மூடிக்குத் தனியே காசு கொடுக்க மனமில்லாதிருந்தது. இரவல் கருவி ஒருமுறை சோபாவிலிருந்து விழுந்ததை நினைத்து அதையும் சேர்த்தே வாங்கினேன். மகனுக்காகச் சனிக்கிழமைதோறும் உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்துக்குப் போய், தமிழ்ச் சிறுவர் அடுக்கிலிருந்து பைநிறையப் படநூல்களை எடுத்து வருகிறோம்.