பழைய சோனகத் தெரு காபன் சோடி: நாலு இஞ்சி கிரைண்டருக்கு வாங்கலாமா?

கொழும்பு பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் சின்னப் பொலித்தீன் பையில் தொங்குகிற பெயரில்லாத காபன் சோடியை, அதாவது வெட்டும் கிரைண்டரின் மோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் இரண்டு கரித் துண்டுகளை, தாராளமாக வாங்கலாம். பையிலிருந்து எடுத்த கையோடு மெஷினுக்குள் போட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான்.

கரி மோசமில்லை; அளவுதான் பிசகும். பழைய காபனைக் கொண்டுபோய்க் கடையிலேயே வேர்னியர் அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள். தேய்வது நீளம் மட்டும், அகலமும் தடிப்பும் அப்படியே இருக்கும். 5 × 11 மில்லிமீற்றர் என்று தருவது துளி கூடினாலும் ஹோல்டரில் இறுகும். பிறகு ஸ்பிரிங் தள்ளியும் கரி, அது உரசிச் சுழலும் செம்பு உருளையான கொமியூட்டேட்டரில் சரியாகப் படியாது: பொறி பறக்கும், சூடேறும், மோட்டர் விட்டுவிட்டு ஓடும். கண்ணாடித் துண்டின் மேல் 400 நம்பர் சாண்ட் பேப்பரை விரித்து, பக்கங்களை மட்டும் இரண்டு இழுவை இழுங்கள். ஸ்பிரிங் இல்லாமல் ஹோல்டருக்குள் விட்டால் தன் பாரத்திலேயே சறுக்கி இறங்க வேண்டும்.

அடுத்தது வயர். கரிக்குள் இறக்கிய செம்பு வயரை மெல்ல இழுத்துப் பாருங்கள், ஆடினால் வேறு சோடி கேளுங்கள். அந்த இணைப்பு விட்டால் கரண்ட் ஸ்பிரிங் வழியே பாயும்; ஸ்பிரிங் சூடாகித் தளர்ந்துவிடும்.

பெரிய குறை, ஓட்டோ ஸ்டொப் கிடையாது. அது உள்ள காபன் தேய்ந்து முடிந்ததும் மோட்டரைத் தானே நிறுத்தும். இதில் அசட்டையாக விட்டால் ஸ்பிரிங் கொமியூட்டேட்டரைக் கீறி, மோட்டரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சருக்கே செலவு வைக்கும். 6 மில்லிமீற்றருக்குக் குறைந்ததும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். நாள் முழுக்க வெட்டும் மெஷினுக்கு ஒரிஜினலே போடுங்கள்.

காருக்கான ஸ்டார்ட்டர் காபனைத் தேய்த்துப் போடவே வேண்டாம். அது 12 வோல்ற்றுக்கானது, செம்பு கூடியது. 230 வோல்ற் மோட்டரில் பொறி தள்ளி கொமியூட்டேட்டரைத் தின்றுவிடும்.

போட்டபின் சுமையில்லாமல் 10 நிமிடம் ஓடவிடுங்கள், கரியின் முகம் வளைவுக்குப் படியும். கொழும்பு ஈரக்காற்று இதற்கு நல்லது. வறண்ட காற்றில்தான் கரி வேகமாகத் தேயும். புதுக் காபனிலும் பொறி வளையமாகச் சுற்றி ஓடினால் கோளாறு ஆர்மேச்சரில். இன்னொரு சோடி வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள்.