வீட்டு நெட்வொர்க்குக்கு டைரக்டரி சர்வர்: ஓப்பன்எல்டாப்பா, சாம்பாவா?

வீட்டில் நாலு கம்ப்யூட்டர் இருந்தால், ஒரு பாஸ்வேர்டை மாற்ற நாலு இடத்தில் மாற்ற வேண்டும். அந்தத் தொல்லைக்குத்தான் டைரக்டரி சர்வர்: எல்லோருடைய பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும். ஓப்பன்எல்டாப், சாம்பா இரண்டுமே இலவசம், அதனால் செலவை விட்டுவிடுவோம்.

எடை
ஓப்பன்எல்டாப்: 389-ஆம் போர்ட்டில் ஒரே சேவை. பழைய ராஸ்பெரி பை (குட்டிக் கம்ப்யூட்டர்) போதும்.
சாம்பா: 2012-இல் வந்த 4.0 முதல் மைக்ரோசாஃப்டின் டைரக்டரி சேவையான ஆக்டிவ் டைரக்டரியாகவே இயங்கும். கெர்பரோஸ் (லாகினைச் சரிபார்ப்பது), டிஎன்எஸ் (பெயருக்கு ஐபி முகவரி தருவது) எல்லாம் கூடவே வரும்.

அமைப்பது
ஓப்பன்எல்டாப்: எல்லாம் எல்டிஐஎஃப் (பதிவுகளை வரிவரியாக எழுதும் டெக்ஸ்ட்) ஃபைல்தான். வரித் தொடக்கத்தில் ஒரு ஸ்பேஸ் விழுந்தால் போதும், முந்தைய வரியோடு ஒட்டிக்கொள்ளும். லாகின் தோற்றால் பிழை எண் 49. பாஸ்வேர்டு தப்பானாலும் அதே 49, அந்தப் பயனரே இல்லாவிட்டாலும் அதே 49! ஒரு மாலை முழுக்க அதை முறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.
சாம்பா: ஒரே கட்டளை, சில கேள்விகள், முடிந்தது. டொமைன் (ஒரே சர்வரின் கீழ் வரும் கம்ப்யூட்டர் குழு) பெயர் மட்டும் '.லோக்கல்' என்று முடியக் கூடாது, எம்டிஎன்எஸ்ஸோடு (வீட்டுக் கருவிகள் ஒன்றையொன்று பெயரால் தேடும் முறை) மோதும். கடிகாரங்கள் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் கெர்பரோஸ் உள்ளே விடாது.

விண்டோஸ்
ஓப்பன்எல்டாப்: நேரடி லாகினுக்கு உதவாது.
சாம்பா: ப்ரோ பதிப்பு சேரும். ஹோம் பதிப்பு எந்த டொமைனிலும் சேராது.

லினக்ஸும் நாஸும் (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி) மட்டும் என்றால் ஓப்பன்எல்டாப்பே போதும். விண்டோஸ் ப்ரோ இரண்டு இருந்தாலே நான் சாம்பா பக்கம். ஆனால் கம்ப்யூட்டர்கள் சாம்பா ஓடும் பெட்டியையே டிஎன்எஸ்ஸாக நம்பியிருக்கும். அந்தப் பெட்டியை யாராவது அணைத்தால், 'நெட் வரலை' என்ற குரல் அடுத்த அறையிலிருந்து வரும்.