பியானோ கம்பிச் சுருள்: டியூனிங் பின்னிலேயே சுற்றுவதா, வெளியே சுற்றி மாட்டுவதா?

அறுந்த கம்பிகளை இரண்டு விதமாகவும் மாற்றிப் பார்த்துவிட்டேன். ஒன்று, டியூனிங் பின்னை (கம்பி முனையைச் சுற்றி இறுக்கும் உலோக முளை) மூன்று சுற்று தளர்த்தி, கம்பி முனையைத் துளையில் செருகி, அங்கேயே முறுக்குவது. மற்றது, அதே பருமனுள்ள பழைய பின் ஒன்றில் வெளியே சுருள் போட்டு, கழற்றி எடுத்து மாட்டுவது. வெட்டும் அளவு இரண்டுக்கும் ஒன்றுதான்: பின்னைத் தாண்டி ஏறக்குறைய 8 செ.மீ. மூன்று சுற்றுக்கு அது போதும்.

முதல் முறைக்குத் தனிக் கருவி வேண்டாம். தளர்த்தும்போது மேலே வந்த டியூனிங் பின், முறுக்கும்போது அதே அளவு இறங்கிவிடும். அதன் பெருமை அவ்வளவுதான். ஒரு கை பின்னைத் திருப்பும் லீவரில், மறு கை கம்பியை இழுத்துப் பிடித்தபடி. பக்கத்துப் பின்கள் வேறு இடிக்கும். பிடி சற்றுத் தளர்ந்தால் ஒரு சுற்று இன்னொன்றின் மேல் ஏறிவிடும்.

நான் வெளியே சுற்றும் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் அழகு இல்லை, சுருதி. புதுக் கம்பி எப்படியும் கொஞ்ச நாள் நீண்டு இறங்கத்தான் செய்யும். சுற்றுகளுக்கு இடையே சந்து இருந்தாலோ, துளைக்குள் போகும் மடிப்பு பின்னோடு ஒட்டாமல் வளைந்து நின்றாலோ, அந்தத் தொய்வும் சேர்ந்து மெல்ல மெல்ல வெளியே வரும். கம்பியின் இழுவிசை 70 கிலோ அளவுக்கு இருக்கும்போது ஒரு மில்லிமீட்டர் தொய்வுகூடக் காதில் விழும். அங்கேயே முறுக்கிய ஒரு கம்பியை வாரா வாரம் ஏற்றி அலுத்துப்போனேன். கடைசியில் பார்த்தால் மடிப்புதான் தூக்கிக்கொண்டு நின்றது.

வெளியே சுற்றும்போது கம்பியை நன்றாக இழுத்துப் பிடிக்க முடிகிறது. சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியே விழுகின்றன. மாட்டியதும் மடிப்பைப் பிளையரால் அழுத்திவிட்டு, பாதி இறுக்கத்தில் சுருளை ஸ்க்ரூடிரைவரால் மேலே நெம்பிவிட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் இந்த முறையிலும் பலன் இல்லை. செம்பு சுற்றாத சாதாரணக் கம்பிகளில் பெரும்பாலும் ஒரே கம்பி வளைந்து இரண்டு பின்களுக்குப் போகும். ஆகவே இந்த வேலை இரண்டு தடவை.

செம்பு சுற்றிய பேஸ் (தாழ்ந்த சுரங்களுக்கான) கம்பிகளில் எனக்கு அனுபவம் குறைவு, இரண்டே இரண்டுதான் மாற்றியிருக்கிறேன். உள்கம்பி விறைப்பு, சுருளைக் கழற்றும்போதே மடிப்பு கோணிவிட்டது. அப்புறம் இரண்டாவதைப் பின்னிலேயே சுற்றினேன்.