சேலையில் பாவாடையா, ஷிஃபானில் பாவாடையா? வீட்டில் தைக்கும் பெல்லி டான்ஸ் உடை

கோலாலம்பூரில் பெல்லி டான்ஸ் கற்றுக்கொள்ளும் நம் பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "அக்கா, உடையை வாங்குவதா, தைப்பதா?" தையுங்கள் என்பேன். கடை உடை யாரோ ஒருவர் அளவுக்குத் தைத்தது. இடுப்பில் ஒரு அங்குலம் தளர்ந்தாலும் ஆட்டம் முழுக்கக் கை பட்டியைத்தான் தேடும். தைப்பது என்று முடிவான பிறகுதான் உண்மையான கேள்விகள் தொடங்குகின்றன.

முதலில் பாவாடை. ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் துணிக்கடைகள் வரிசையாக இருக்கின்றன, மீட்டர் கணக்கில் ஷிஃபான் வாங்கிவிடலாம். ஆனால் நம் வீட்டு அலமாரியில் கட்டாமல் கிடக்கும் ஜார்ஜெட் சேலை அதற்குச் சரியான போட்டி. இரண்டு அரைவட்டங்கள் சேர்ந்த முழு வட்டப் பாவாடைக்குக் கணக்கைப் பாருங்கள். என் இடுப்பு 38 அங்குலம். அதை 6.28-ஆல் (இரண்டு பை) வகுத்தால் ஏறத்தாழ 6. வட்டத்தின் நடுவில் வெட்ட வேண்டிய துளையின் ஆரம் அது. பாவாடை நீளம் 38-ஐக் கூட்டினால் 44. ஆக, 45 அங்குல அகலத் துணியில் ஓர் அரைவட்டத்துக்கு 88 அங்குலம், இரண்டுக்கு 176. கிட்டத்தட்ட நாலரை மீட்டர். சேலையோ ஐந்தரை மீட்டர்! மிஞ்சும் முந்தானையில் மார்க்கச்சையையும் இடுப்புப் பட்டியையும் மூடிவிடலாம், நிறம் தேடி அலைய வேண்டாம்.

இன்னொரு அழகு உண்டு. அரைவட்டத்தின் நேர்ப்பக்கம் சேலையின் கரை மேலேயே விழுகிறது. இரண்டு பக்கமும் தைக்காமல் திறந்து விட்டால், கால் அசையும்போது பிளவின் ஓரம் முழுக்கக் கரை மின்னும். அந்த ஓரத்தை மடித்துத் தைக்கும் வேலையும் இல்லை. எதிர்க்கரை என்ன ஆகும்? வளைவின் அடியில், நடுவில் மட்டும், பிறை போல எட்டிப் பார்க்கும். எனக்கு அது பிடித்திருந்தது. பிடிக்காதவர்கள் மெல்லிய கரைச் சேலையாக எடுங்கள். பட்டுச் சேலையில் மட்டும் கத்தரி வைக்காதீர்கள். அது விறைப்பாக நிற்கும், காற்றில் எழாது.

ஷிஃபான் வெல்லும் இடம் ஒன்றே ஒன்று: இரண்டு முழு வட்டங்களைச் சேர்த்துத் தைக்கும் இரட்டை வட்டப் பாவாடை. சுழன்று ஆடுபவர்களுக்கு அதன் வீச்சுக்கு ஈடு கிடையாது. ஆனால் எட்டு மீட்டருக்கு மேல் துணி வேண்டும், சேலை போதாது. எந்தத் துணியானாலும் வெட்டியவுடன் அடி மடிக்காதீர்கள். இழைக்குச் சாய்வாக விழும் பகுதி தொங்கத் தொங்க நீளும். இரண்டு நாள் தொங்கவிட்டு, இறங்கியதை வெட்டிச் சமன்செய்து, அப்புறம் மடியுங்கள்.

அடுத்து மார்க்கச்சை. கெட்டியான நுரைக் கப் உள்ள சாதாரண பிராவை வாங்கி மாற்றுவது ஒரு வழி, அடியிலிருந்து தைப்பது இன்னொரு வழி. இதில் போட்டியே இல்லை, வாங்கி மாற்றுங்கள். கப் வடிவத்தை வீட்டில் கொண்டுவருவது அவ்வளவு கடினம். ஆனால் அதன் எலாஸ்டிக் முழுவதையும் வெட்டி எறிய வேண்டும். தோள்பட்டையும் முதுகுப்பட்டையும் நீளாத பருத்தி நாடாவாக, இரட்டை மடிப்பாக இருக்கட்டும். மணிகளின் கனம் எலாஸ்டிக்கை ஒரே மாலையில் தளர்த்திவிடும். இடுப்புப் பட்டிக்குப் பக்ரம் என்ற விறைப்பான உள்துணியை இரண்டு அடுக்காக வைத்து, இடுப்பின் வளைவுக்கேற்ப வெட்டுங்கள். நேர்பட்டையாக வெட்டினால் மேல் விளிம்பு உடம்பை விட்டு விலகி நிற்கும்.

இனி காசா, மணியா? காசுமாலை பார்த்து வளர்ந்த நமக்குக் காசு மேல் ஒரு பிரியம், அதன் சத்தமும் இனிமை. சான் பிரான்சிஸ்கோ பக்கம் வளர்ந்த டிரைபல் என்ற பெல்லி டான்ஸ் பாணிக்கு அது பொருந்தும். ஆனால் மெல்லிய தகட்டுக் காசு நம் ஊர்ப் புழுக்கத்திலும் வியர்வையிலும் கறுத்துப்போகிறது, ஜார்ஜெட்டில் மாட்டி இழையையும் இழுக்கிறது. 1926-இல் நடனக்கலைஞர் பாடியா மசாப்னி கெய்ரோவில் தொடங்கிய கேளிக்கை விடுதியில் புகழ்பெற்ற இரண்டு துண்டு உடையின் வழியில் ஆட நினைப்பவர்களுக்கு நான் கண்ணாடி மணிக் குஞ்சத்தையே சொல்வேன். பிளாஸ்டிக் மணி எடை குறைவுதான், ஆனால் இடுப்பு நின்ற பிறகும் ஒரு கணம் கூடுதலாக ஆடும் அந்த அசைவு கண்ணாடியின் கனத்தில்தான் வருகிறது.

குஞ்சம் கோக்கும்போது கடைசி மணியைச் சுற்றி ஊசியைத் திருப்பி, மற்ற மணிகளின் வழியாகவே மேலே கொண்டுவாருங்கள். ஒவ்வொரு சரத்தையும் தனித்தனியாக முடிச்சுப் போடுங்கள். ஒரே நூலில் வரிசை முழுக்க ஓட்டினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஒரு சரம் அறுந்தால் பக்கத்துச் சரங்களும் சேர்ந்து கொட்டும். மெழுகு தடவிய கெட்டி பாலியெஸ்டர் நூல் எனக்குப் போதுமானதாக இருந்தது. மீன்பிடி நைலான் விறைத்து நிற்கிறது, குஞ்சம் சுருண்டுகொள்கிறது.

பசையா, ஊசியா என்ற கேள்விக்கு என் முதல் உடையே பதில். சூட்டுப் பசையால் சம்கியையும் கற்களையும் ஒரே இரவில் ஒட்டி முடித்தேன். ஒத்திகையன்று வெயிலில் நிறுத்திய காரில் பை இருந்தது. எடுத்துப் பார்த்தால் இடது கப்பின் கற்கள் பாதி நழுவி ஓரத்தில் குவிந்திருந்தன. இரண்டாவது உடையைச் செந்தூலில், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஊசிக்கு நூல் கோத்துக் கொடுக்க, மூன்று வாரம் கையால் தைத்தேன். சேலை அவருடையது. கரை எந்தப் பக்கம் வர வேண்டும் என்று சொன்னதும் அவர்தான்.