வேலியா, உரிமையா, வாடகையா: தனியார் நிலத்தில் காட்டுயிர் காக்கும் மூன்று வழிகள்

கென்யாவின் காட்டுயிர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, தேசியப் பூங்காக்களுக்கும் காப்பகங்களுக்கும் வெளியேதான் வாழ்கின்றன. நமீபியாவின் சிவிங்கிப்புலிகளில் மிகப் பெரும்பாலானவை பண்ணை நிலங்களில் திரிகின்றன. தென்னாப்பிரிக்காவின் வெள்ளைக் காண்டாமிருகங்களில் பாதிக்கும் மேற்பட்டவை இன்று தனியார் பராமரிப்பில் உள்ளன. ஆகவே இந்த மூன்று நாடுகளிலும் காட்டுயிர்களின் வருங்காலம் வனத்துறையின் கையில் இருப்பதைவிட நிலத்துக்குச் சொந்தக்காரரின் கையிலேயே அதிகம் இருக்கிறது. மான் மேய்ந்த புல் அவருடைய மாட்டுக்கு மிஞ்சுவதில்லை. சிறுத்தை தூக்கிய கன்றுக்கு ஈடு கிடைப்பது அரிது. இந்த இழப்பைத் தாங்கிக்கொண்டு அவர் விலங்குகளை ஏன் விட்டுவைக்க வேண்டும் என்ற கேள்விக்கு மூன்று நாடுகளின் சட்டங்களும் மூன்று விதமாக விடை தந்திருக்கின்றன.

தென்னாப்பிரிக்கா தந்த விடை, முழு உடைமை. 1991ஆம் ஆண்டின் காட்டுவிலங்குத் திருட்டுச் சட்டம், போதுமான வேலி அடைக்கப்பட்டதாக அரசின் சான்றிதழ் பெற்ற நிலத்தில் இருக்கும் விலங்கை நிலக்காரரின் சொத்தாகவே ஏற்கிறது. அது வேலியைத் தாண்டி ஓடிப்போனாலும் அவருடைய உடைமை அழிவதில்லை. ஆடுமாடுகளைப் போலவே வரிக்குதிரையையும் வாங்கலாம், விற்கலாம், இறைச்சிக்கு அறுக்கலாம், கட்டணம் செலுத்தும் வேட்டைக்காரரை அழைத்து வரலாம். இந்த ஏற்பாட்டின் நன்மையைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தெற்கு வெள்ளைக் காண்டாமிருகங்கள் உம்ஃபொலோசி பகுதியில் நூற்றுக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தன. 1960களில் அங்கிருந்து பிற காப்பகங்களுக்கும் தனியார் பண்ணைகளுக்கும் அவை பெயர்க்கப்பட்ட பிறகுதான் அந்த இனம் மீண்டது. பின்னர் க்ரூகர் தேசியப் பூங்காவில் 2010 வாக்கில் பத்தாயிரத்துக்கும் மேலாக இருந்த அவற்றின் எண்ணிக்கை, திருட்டு வேட்டையாலும் வறட்சியாலும் மூவாயிரத்துக்கும் கீழே சரிந்தது. அந்தக் காலத்தில் தனியார் பண்ணைகளே அந்த இனத்தைத் தாங்கி நின்றன. அதற்கும் முன்பே, 1830களில், போன்ட்பாக் மான் அடியோடு அழியாமல் தடுத்தவர்களும் கேப் பகுதியின் சில பண்ணைக் குடும்பத்தார்தான்.

ஆனால் உடைமை முழுமையடைந்ததும் அதைப் பெருக்கும் ஆசை வேறு திசைக்குச் சென்றது. சாதாரண இம்பாலா மானைவிடக் கறுப்பு நிற இம்பாலா பல மடங்கு விலை போனதால், நிற வேறுபாட்டுக்காகவும் கொம்பின் நீளத்துக்காகவும் விலங்குகளைத் தனித்தனிக் கொட்டில்களில் அடைத்து இனம் பெருக்கினார்கள். 2016இல் ஒரே ஒரு எருமைக் காளைக்கு 17 கோடி ராண்டுக்கும் மேல் மதிப்பு வைக்கப்பட்டது. அதன் பின் அந்தச் சந்தை சரிந்தது. கூண்டில் வளர்த்துச் சுடப்படும் சிங்கங்களைக் காட்டுயிர்ப் பாதுகாப்பின் கணக்கில் சேர்ப்பதை என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை. காண்டாமிருகப் பண்ணையும் தனக்கே உரிய இக்கட்டில் சிக்கியது. கொம்பின் பன்னாட்டு வணிகத்துக்கு 1977 முதல் தடை இருப்பதால் காவல் செலவு ஏற ஏற வரவு வற்றியது. சுமார் 2,000 காண்டாமிருகங்களைக் கொண்ட உலகின் மிகப் பெரிய தனியார் பண்ணையை 2023இல் ஏலம் விட்டபோது ஒருவரும் கேட்கவில்லை. இறுதியில் ஆப்பிரிக்கன் பார்க்ஸ் என்ற தொண்டு அமைப்பு அதை வாங்கி, அந்த விலங்குகளைப் பத்தாண்டுகளில் திறந்த காடுகளுக்கு அனுப்பும் பொறுப்பை ஏற்றது.

வேலியின் எல்லை எங்கே என்பதற்கும் தென்னாப்பிரிக்காவே சான்று தருகிறது. க்ரூகரின் மேற்கு ஓரத்தில் உள்ள சபி சேண்ட் தனியார் காப்பகம் 1993இல் பூங்காவுக்கும் தனக்கும் இடையிலிருந்த வேலியைப் பிரித்தெடுத்தது. யானைகளும் சிறுத்தைகளும் தடையின்றி வந்துபோகத் தொடங்கிய அந்த நிலம், இன்று உலகெங்குமிருந்து பயணிகள் தேடி வரும் இடமாகத் திகழ்கிறது.

நமீபியாவின் ஏற்பாடு இதிலிருந்து நுட்பமாக வேறுபடுகிறது. இரண்டையும் ஒரே வகை என்று சேர்த்துப் பேசுவோர் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள். அங்கே 1975ஆம் ஆண்டின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம், குடு, ஜெம்ஸ்பாக், ஸ்பிரிங்பாக் ஆகிய மான் வகைகள் போன்ற வேட்டைக்குரிய விலங்குகளின் மீதான உரிமையைப் பண்ணையாளருக்கு வழங்கியது. ஆனால் அவ்வுரிமை விலங்கு அவருடைய நிலத்தில் நிற்கும் வரைதான். இன்று என் நிலத்தில் மேயும் ஜெம்ஸ்பாக் நாளை மழை பெய்த திசையில் பக்கத்துப் பண்ணைக்குப் போய்விடும். அங்கே அது அந்தப் பண்ணைக்காரருடையது. மழை மிகக் குறைந்தும் ஓரிடம் விட்டு ஓரிடமாகவும் பெய்யும் அந்நாட்டில் விலங்குகள் நகர்ந்தால்தான் பிழைக்கும் என்பதால், அண்டைப் பண்ணையாளர்கள் கூடிப் பேசி, இந்த ஆண்டு எத்தனை விலங்குகளை எடுக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டிய கட்டாயம் உருவாயிற்று. வாட்டர்பெர்க் போன்ற பகுதிகளில் பல பண்ணைகள் கூட்டுக் காப்பகங்களாக இணைந்தது இந்த ஏற்பாட்டுக்குள்தான். மாட்டுப் பண்ணையை மூடாமலே வேட்டைக் கட்டணம், இறைச்சி, தங்கும் விடுதி என வரவைப் பல வழிகளில் பெற முடிவதால், ஒரு வழி அடைபட்டாலும் மற்றவை தாங்குகின்றன.

இந்த உரிமை முதலில் வெள்ளையர் பண்ணைகளுக்கு மட்டுமே கிடைத்தது என்பதை மறக்கலாகாது. விடுதலைக்குப் பிறகு 1996இல் வந்த திருத்தம்தான் பொது நிலங்களில் வாழும் மக்களும் காப்பகம் அமைத்து அதே வகை உரிமையைப் பெற வழி திறந்தது. 1998இல் நான்கில் தொடங்கிய அத்தகைய காப்பகங்கள் இன்று 86. நாட்டின் பரப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்குள் அடங்குகிறது. ஒரே கொள்கை தனியார் நிலத்துக்கும் ஊர்ப் பொதுநிலத்துக்கும் பொருந்தி வந்திருப்பது எனக்கு மிகப் பெரிய சாதனையாகத் தெரிகிறது.

குறை இல்லாமல் இல்லை. உரிமையால் வரவு தராத விலங்கு இன்னும் பகையாகவே பார்க்கப்படுகிறது. 1980களில் நமீபியப் பண்ணையாளர்கள் ஆயிரக்கணக்கில் சிவிங்கிப்புலிகளைக் கொன்றார்கள். சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் 1994 முதல் அனடோலிய இனக் காவல் நாய்களை வளர்த்துக் கொடுக்கத் தொடங்கி, ஆடுகளின் இழப்பு குறைந்த பின்னரே சுடும் வேகம் தணிந்தது. 2022 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப்புலிகள் வந்தபோது இங்கே பூங்காவைப் பற்றியே அதிகம் பேசப்பட்டது. அந்த இனத்தை அங்கே காத்து நிற்பது சிங்கமும் கழுதைப்புலியும் குறைந்த மாட்டுப் பண்ணைகள் என்பதை நம் திட்டமிடுவோரும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

கென்யா இவ்விரண்டையும் மறுத்தது. 1977இல் வேட்டை முற்றாகத் தடை செய்யப்பட்டது. விலங்கு எவர் நிலத்தில் நின்றாலும் அரசுக்கே சொந்தம். ஆனால் 1977 முதல் 2016 வரையிலான கணக்கெடுப்புகளை ஆராய்ந்தவர்கள், அந்நாட்டின் மேய்ச்சல் நிலங்களில் காட்டுயிர் எண்ணிக்கை சராசரியாக 68 விழுக்காடு குறைந்ததாகக் கண்டார்கள். மக்கள்தொகைப் பெருக்கமும் கால்நடைப் பெருக்கமும் வறட்சியும் இதற்குக் காரணங்கள் என்றாலும், விலங்கால் ஒரு காசும் பெறாத நிலக்காரர் அதைக் காக்க முன்வராததும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். சுடுவதைத் தடுத்த சட்டத்தால் நிலம் உழப்படுவதையும் வேலி அடைக்கப்படுவதையும் தடுக்க முடியவில்லை.

இந்த இடைவெளியை நிரப்பியது வாடகை. மாசாய் மாரா என்ற காட்டுயிர்க் காப்பகத்தைச் சுற்றி மாசாய் மக்களுக்கு இருந்த கூட்டு மேய்ச்சல் நிலங்கள் தனித்தனிப் பட்டாக்களாகப் பிரிந்த பின், 2005 முதல் ஓல் கின்யெய், ஓலாரே ஓரோக், நபோயிஷோ போன்ற காப்பகங்கள் தோன்றின. நூற்றுக்கணக்கான மாசாய் நிலக்காரர்கள் தம் துண்டு நிலங்களைச் சேர்த்துச் சுற்றுலா விடுதிகளுக்குக் குத்தகைக்கு விட்டு, பரப்புக்கு ஏற்ப வாடகை பெறுகிறார்கள். பதிலுக்கு வேலி போடாமலும் மேய்ச்சலை வரையறுத்தும் நிலத்தைத் திறந்து வைக்கிறார்கள். ஓர் உயிரையும் கொல்லாமல் குடும்பத்துக்கு ஒழுங்கான வருமானம் தரும் வகையில் மூன்றிலும் இதுவே மனத்துக்கு உகந்த வழி. ஆயினும் பட்டா பெரும்பாலும் ஆண்களின் பெயரில் இருப்பதால் பெண்களுக்கும், நிலமே இல்லாதோருக்கும் பங்கு எட்டுவதில்லை. 2020இல் பெருந்தொற்றால் விமானங்கள் நின்றபோது, வரவு ஒரே வழியில் வருவதன் ஆபத்து எல்லோருக்கும் தெரிந்தது. பல இடங்களில் வாடகை குறைக்கப்பட்டது.

ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் வறண்ட, பயணிகள் அரிதாக வரும் பெருநிலத்துக்கு நமீபிய வழியையே பரிந்துரைப்பேன். மாரா போலப் பயணிகள் குவியும் சிறு பகுதிகளுக்கு வாடகை போதும். ஆனால் வருமானத்தில் ஒரு பகுதியை நெருக்கடிக்கால நிதியாக ஒதுக்குவதும், கென்யாவின் லைகிப்பியா பகுதியிலுள்ள ஓல் பெஜெட்டா காப்பகத்தில் நடப்பதைப் போல மாட்டையும் காட்டுயிரையும் ஒரே நிலத்தில் முறைவைத்து மேய்ப்பதும் அதனுடன் சேர வேண்டும். தென்னாப்பிரிக்க முறையைக் காண்டாமிருகம் போன்று இரவும் பகலும் ஆயுதக் காவல் தேவைப்படும் இனங்களுக்கு மட்டுமே ஏற்பேன்; அங்கும் வேலியைப் பிரித்து அண்டை நிலத்துடன் இணைபவருக்கு வரிச் சலுகையும் காவல் உதவியும் முதலில் கிடைக்க வேண்டும். மூன்றிலும் அவசரமானது மாராதான். அங்கே காப்பக எல்லைக்கு வெளியே வேலிகள் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. வில்டபீஸ்டு என்ற மான் இனம் கூட்டமாக இடம்பெயரும் பாதையில் உள்ள துண்டு நிலங்களுக்கும் வாடகை சென்று சேர்ந்தாலொழிய, அவற்றின் சொந்தக்காரர்கள் கம்பி கட்டுவதை எவரும் குறை சொல்ல முடியாது.